பின்கட்டில் பிறந்த சேவல்

கேள்வி: ஆச்சி, எங்கள் பின்கட்டில் 12 பெட்டையும் ஒரு சேவலும் நிற்கின்றன. மூன்று வருடமாக வெளியில் குஞ்சு வாங்காமல் இவற்றிலேயே பெருக்கப் பார்க்கிறேன். சேவல் இங்கே பொரித்தது, அதன் அப்பனும் இங்கே பொரித்ததுதான். இந்த முறை 14 முட்டை அடை வைத்ததில் 4 பொரித்தது, அதிலும் இரண்டு சோணி. அரிசிப் பானையில் 20 நாள் சேர்த்த முட்டைகள். குஞ்சு வாங்காமல் ஓட்ட முடியாதா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முடியும் தங்கச்சி. கானாடுகாத்தானில் எங்கள் பின்கட்டில் மேயும் பெட்டைகள் எல்லாம் இங்கேயே பொரித்தவை. சேவல் மட்டும் எப்போதும் வெளியூர்.

உங்களுக்கு இடிப்பது அங்கேதான். மகளோடும் தங்கையோடும் சேரும் சேவலால் முதலில் பொரிப்பு குறையும், அப்புறம் குஞ்சின் தெம்பு போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள். காசு வேண்டாம். நான் என் சேவலைக் கொடுத்துவிட்டு, புதுவயல் பக்கம் ஒரு வீட்டில் அவர்கள் சேவலை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் வந்த அன்றே கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரு பங்குனியில் நான் விட்டேன். சேவல் மினுமினுவென்று இருந்தது, அதை நம்பினேன். ஐந்தாம் நாள் வெள்ளைக் கழிச்சல். கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. 19 கோழியில் மிஞ்சியது 3. பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. இப்போது எது வந்தாலும் மூன்று வாரம் தனிக்கூடு, தண்ணீர்ச் சட்டியும் தனி. குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. இரண்டுமே இந்தக் கழிச்சலுக்குத்தான். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், மருந்தை ஐஸ் வைத்துக் கொண்டு வாருங்கள்.

அந்த மூன்று வாரத்துக்குப் பழைய சேவலையும் பிரித்துவிடுங்கள். அதன் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் வரை நிற்கும். புதுச் சேவலை விட்டு ஒரு வாரம் கழித்து முட்டை சேர்த்தால் குஞ்சுக்கு அதுதான் அப்பன்.

முட்டைக்கு 20 நாள் அதிகம். ஒரு வாரம், மிஞ்சினால் 10 நாள். ஒரே கோழி இட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்திருப்பீர்கள். நாலைந்து கோழி இடுவதைச் சேர்த்தால் ஒரு வாரத்தில் 12 தேறும். பென்சிலால் தேதி எழுதி, கூர் முனை கீழே இருக்க வையுங்கள். அடை வைத்த 7ஆம் நாள் இருட்டில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தால் கரு கூடியதில் சிலந்திக் கால் போல நரம்பு ஓடும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

12 பெட்டையில் வருடம் 4 கிழடாகிக் கழியும். அந்த நாலுக்கு நான் தை மாசியில் மூன்று அடை வைப்பேன். 36 முட்டையில் 25 பொரித்தால், பருந்து, கீரி, சளி எல்லாம் போக 15 வளரும். பாதி சேவல், அவை குழம்புக்கு. மிச்சமுள்ள விடைக்கோழிகளில் நான்கைத்தான் நிறுத்துவேன். எடையைப் பார்க்க மாட்டேன், தாயைப் பார்ப்பேன். 21 நாளும் அடையை விட்டு ஓடாமல் கிடந்தாளா, பருந்து நிழல் விழுந்ததும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்தாளா என்று. அப்படிப்பட்டவளை யார் விருந்துக்கு வந்தாலும் நான் அறுக்க விடமாட்டேன். ஒவ்வொரு வருடக் குஞ்சுக்கும் காலில் ஒரு நிற வளையம் போட்டால் வயதும் தெரியும்.

உங்கள் நான்கு குஞ்சில் சேவல் எதுவும் தேறினால், எத்தனை அழகாக இருந்தாலும் அதைக் கூட்டத்துக்கு நிறுத்திவிடாதீர்கள்.