கணக்குப்பிள்ளையா, விஞ்ஞானியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புள்ளியியலாளர் ஃபிஷர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் வங்கி ஊழியன். என் மகள் சென்னையில் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் டேட்டா சயின்ஸ் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருக்க, இவள் மட்டும் மருத்துவத்துக்கும் மரபணு ஆய்வுக்கும் புள்ளியியலைப் பயன்படுத்தும் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஜீனோமிக்ஸ் என்கிறாள். எங்கள் உறவினர் ஒருவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். அவரிடம் கேட்டதற்கு, "அது எங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. கண்டுபிடிப்பு எங்களுடையது, கணக்குப்பிள்ளை அவர்கள். கட்டுரையில் ஆறாவது பெயராக வரும்" என்றார். மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. அவள் உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். இந்தத் துறையில் ஒருவர் விஞ்ஞானியாகவே வாழ முடியுமா? அப்படி வாழ்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, கணினி மொழிகளில் ஆர் கற்பதா பைத்தான் கற்பதா என்று வீட்டில் தினமும் விவாதம் நடக்கிறது.

எம்., திண்டுக்கல் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள எம்.,

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். தீசிஸ் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது எக்செல் கோப்போடு வந்து, "சார், இதுக்கு ஒரு பி மதிப்பு போட்டுக் குடுங்க" என்று நிற்பார்கள். கிடைத்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண் அது. 1938ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய ஃபிஷர் இதைத்தான் சொன்னார். சோதனையை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பல நேரங்களில் பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதுதான். எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கணக்குப்பிள்ளை வேலை உண்டு, அதையே ஆயுள் முழுக்கச் செய்கிறவர்களும் உண்டு.

மறுபாதிக்கு ஒருவரைச் சொல்கிறேன். ராஃபேல் இரிசாரி. கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். அங்கே ரியோ பியத்ராஸ் வளாகத்தில் கணிதம் படித்து 1993ல் பட்டம் பெற்றார். பிறகு கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம், 1998ல் பிஎச்.டி. ஆய்வுத் தலைப்பு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இசை. ஒரு வாத்தியத்தின் ஒலியில் சுருதியும் அதன் மடங்குகளும் எவ்வளவு, மிச்சமிருக்கும் இரைச்சல் எவ்வளவு என்று கணித மாதிரி வைத்துப் பிரிக்கும் வேலை. மரபணு என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை. உங்கள் மகளின் பத்தாம் வகுப்புக் கவலைக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

அதே வருடம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்புள்ளியியல் துறையில் சேர்ந்தார். மைக்ரோஅரே என்ற சிப் ஆய்வகங்களுக்குள் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. விரல் நகத்தளவு கண்ணாடிப் பரப்பில் லட்சக்கணக்கான புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியிலும் 25 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகள். மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல் ஆர்என்ஏ. செல்லிலிருந்து எடுத்த ஆர்என்ஏவுக்குச் சாயம் ஏற்றி அதன்மேல் ஓட விட்டால், பொருந்துகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் செய்தால் எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரியும். அந்த ஒளியை வைத்து எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிப்பார்கள்.

அதில் ஒரு சங்கடம். பொருந்தாத ஆர்என்ஏவும் கொஞ்சம் ஒட்டும். அதைக் கழிக்க, சிப்பைத் தயாரித்த அஃபிமெட்ரிக்ஸ் ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஓர் இணைப் புள்ளி. 25 எழுத்தில் நடுவிலுள்ள 13ஆவது எழுத்து மட்டும் வேண்டுமென்றே தப்பாக இருக்கும். தப்பான புள்ளியில் ஒட்டுவதெல்லாம் குப்பை, சரியான புள்ளியின் ஒளியிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது உண்மை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்களைத் திறந்து பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களில் தப்பான புள்ளிதான் அதிகம் ஒளிர்ந்தது! கழித்தால் மைனஸ் வரும். ஒரு மரபணு மைனஸ் அளவில் எப்படி வேலை செய்யும்? தப்பான புள்ளியிலும் உண்மையான ஆர்என்ஏ ஒட்டுகிறது என்றுதானே அர்த்தம்?

இரிசாரியும், பெர்க்லியில் இருந்த புள்ளியியலாளர் டெரி ஸ்பீடும், கூட்டாளிகளும், விடை முன்பே தெரிந்த தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். இன்ன ஆர்என்ஏவை இன்ன அளவு நாமே கலந்துவிட்டு சிப்பில் ஓட்டினால், கணக்கு முறை அந்த அளவைத் திருப்பிச் சொல்கிறதா என்று சோதிக்கலாம் அல்லவா? சோதித்தபோது, இணைப் புள்ளியைக் கழிப்பதால் தெளிவைவிட இரைச்சலே கூடுகிறது, குறைவாக ஒளிரும் மரபணுக்களில் அது மிகவும் மோசம் என்று தெரிந்தது. ஆகவே சிப்பில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த இணைப் புள்ளிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். பின்னணி ஒளியைக் கணித மாதிரியால் நீக்குவது, எல்லா சிப்களின் ஒளிப் பரவலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, ஒரு மரபணுவுக்கான பல புள்ளிகளைச் சுருக்கும்போது கெட்டுப்போன ஒன்றிரண்டு புள்ளிகள் முடிவைக் கெடுக்காதபடி சராசரிக்குப் பதில் இடைநிலையை வைத்துச் சுருக்குவது. 2003ல் வந்த இந்த முறைக்கு ஆர்எம்ஏ என்று பெயர். முதல் பெயர் இரிசாரியுடையது. உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தின. அஃபிமெட்ரிக்ஸ் கம்பெனியே பின்னால் கொண்டுவந்த ஜீன் எஸ்டி வகை சிப்களில் இணைப் புள்ளி கிடையாது.

உங்கள் உறவினரிடம் இதைக் கேளுங்கள். ஓர் அளவுகோல் தப்பாக அளக்கிறது என்று காட்டி, சரியாக அளக்கும் வழியையும் கொடுத்தவரை மருத்துவக் கல்லூரியில் என்னவென்று அழைப்பார்கள்?

இதே காலத்தில்தான் பயோகண்டக்டர் தொடங்கியது. 2001ல் புள்ளியியலாளர் ராபர்ட் ஜென்டில்மேன் முன்கையெடுக்க, தொடக்கக் குழுவில் இரிசாரியும் இருந்தார். மரபணுத் தரவை ஆராய்வதற்கான இலவச மென்பொருள் தொகுப்பு. இன்று அதில் 2000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. முறையை மட்டும் எழுதி, கணினி நிரலை வெளியிடாமல் வைத்திருந்தால் ஆர்எம்ஏவும் ஏதோ ஒரு இதழின் பக்கங்களில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, இந்தத் துறையின் ருசி எனக்குத் தெரிந்தவரை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 2007 தொடக்கத்தில் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரின் செல்களையும் சீன, ஜப்பானியரின் செல்களையும் சிப்பில் ஒப்பிட்டு, ஏறத்தாழ 4200 மரபணுக்களில் 26 சதவீதம் இரு கூட்டத்தாரிடையே வேறுபட்டு இயங்குகின்றன என்றது. பெரிய முடிவு. சில மாதங்களில் அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். சிப்பின் ஒவ்வொரு கோப்பிலும் தலைப்பகுதியில் ஸ்கேன் செய்த தேதி தானாகப் பதிவாகியிருக்கும். அவர்கள் அந்தத் தேதிகளைப் பார்த்தார்கள். ஐரோப்பியரின் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004ல் ஓட்டியவை. ஆசியரின் மாதிரிகள் 2005, 2006ல். இடையில் ரசாயனத்தின் தொகுதி மாறியிருக்கும், ஆய்வகத்தில் கை மாறியிருக்கும். காற்றில் ஓசோன் கூடினால்கூட சில சாயங்கள் மங்கிப்போகும். வேறுபாடு இனத்தால் வந்ததா, வருடத்தால் வந்ததா? அந்தத் தரவை வைத்துப் பிரிக்கவே முடியாது.

இதற்கு பேட்ச் எஃபெக்ட் என்று பெயர். இரிசாரி இதை விடவே இல்லை. ஜெஃப் லீக் முதலானவர்களோடு 2010ல் எழுதிய கட்டுரையில், பொதுவில் கிடைக்கும் பல தரவுகளை எடுத்துப் பார்த்து எல்லாவற்றிலும் இதே நோய் இருப்பதைக் காட்டினார்கள். மைக்ரோஅரேவின் காலம் முடிந்து டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாகப் படித்து வரிசைப்படுத்தும் கருவிகள் வந்தன, பிறகு ஒற்றைச் செல்லையே ஆராயும் முறை வந்தது. 2018ல் அவரும் ஸ்டெஃபனி ஹிக்ஸும் மற்றவர்களும் பார்த்தால் அங்கேயும் அதே கதை. கருவி புதிது என்பதால் பழைய கேள்வியைக் கேட்க எல்லோரும் மறந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், மரபணு ஆய்வில் புள்ளியியலாளருக்கென்று இருக்கும் சொந்த நிலம் இதுதான். இந்த எண் எப்படிப் பிறந்தது, எந்த நாளில், எந்தக் கையில் என்று கேட்பது. உயிரியலாளர் எண்ணுக்கு அப்புறம் நடப்பதைப் பார்க்கிறார். இவர் எண்ணுக்கு முன் நடந்ததைப் பார்க்கிறார்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டியூக் பல்கலைக்கழக விவகாரம் போதும். புற்றுநோய் செல்களின் மரபணு அளவுகளை வைத்து எந்த நோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று சொல்ல முடியும் என 2006ல் ஒரு கட்டுரை வந்தது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியல்காரர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி நகர்ந்திருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற அடையாளங்கள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. இதற்குள் அந்த முறையை வைத்து உண்மையான நோயாளிகளுக்கே மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகள் தொடங்கிவிட்டன. இருவரும் எழுதி, மன்றாடி, 2009ல் முழுக் கட்டுரையாகவே வெளியிட்ட பிறகும் சோதனைகள் 2010 வரை இழுத்தன. மூலக் கட்டுரை 2011ல் திரும்பப் பெறப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் கணக்கைத் திருப்பிப் பார்த்ததால் வந்த வினை.

இரிசாரிக்கே திரும்புகிறேன். 2017 செப்டம்பரில் மரியா புயல் அவருடைய தீவைச் சிதைத்தது. அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 64. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், டயாலிசிஸ் இல்லாமல் இறந்துபோனவர்கள் பலர் அந்த 64ல் இல்லை. ஹார்வர்டு குழுவோடு இரிசாரியும் சேர்ந்த ஆய்வில் 3299 வீடுகளில் போய்க் கேட்டார்கள். புயலுக்குப் பிறகான சாவு விகிதத்தை முந்தைய வருடத்து விகிதத்தோடு ஒப்பிட்டு, கூடுதல் சாவுகள் 4645 என்று மதிப்பிட்டார்கள். 2018 மே மாதம் கட்டுரை வந்தது. தரவையும் கணினி நிரலையும் பொதுவில் வைத்தார்கள். தீவின் தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மக்கள் இறந்தவர்களின் செருப்புகளையும் காலணிகளையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். 4645 ஒரு கோஷமாகவே ஆனது.

ஆனால் கட்டுரையில் அந்த எண்ணோடு ஒரு வீச்சும் இருந்தது: 793லிருந்து 8498 வரை எதுவாகவும் இருக்கலாம். பத்திரிகைகள் பலவற்றுக்கு நடு எண் மட்டும் போதுமானதாக இருந்தது. ஆகஸ்டில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தனி ஆய்வுக்குப் பிறகு, அரசு தன் எண்ணிக்கையை 2975 என்று திருத்திக்கொண்டது. அது அந்த வீச்சுக்குள்தான் விழுகிறது. சிப்பில் இரைச்சலைப் பிரிக்கக் கற்ற ஒருவர் சாவுப் பதிவேட்டையும் அதே சந்தேகத்தோடு படிக்கிறார். 2013 முதல் அவர் பாஸ்டனில் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் இருக்கிறார். அங்கே தரவு அறிவியல் துறையின் தலைவராகவும் ஆனார்.

இனி உங்கள் மகள் விஷயம். நம் நாட்டில் ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் பார்த்த மஜும்தார், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புள்ளியியல் படித்தவர். பக்கத்திலேயே வேலூர் சிஎம்சியில் உயிர்ப்புள்ளியியல் துறை இருக்கிறது. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்துக்காக 10,000 பேரின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தினார்கள். அந்தத் தரவை உட்கார்ந்து பார்க்கும் கண்களுக்குத்தான் பஞ்சம்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வங்கிக்காரர் மனதுக்குள் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். பிஎச்.டி. ஃபெல்லோஷிப்பில் இருக்கும் வருடங்களில் அவளுடைய தோழிகள் கார் வாங்கிவிடுவார்கள், அது உண்மை. நடுவழி ஒன்று உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மருந்துச் சோதனை நடத்திக் கொடுக்கும் கம்பெனிகள் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பெயரில் ஆள் எடுக்கின்றன. நல்ல வேலைதான், ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் சாஸ் மென்பொருளில் அட்டவணை தயாரிப்பது. உங்கள் உறவினர் மனதில் வைத்திருந்தது அதுவாக இருக்கலாம். அவள் ஆசைப்படுவது அதை அல்ல என்றால், சேர்வதற்கு முன் அந்தக் குழுவின் கட்டுரைகளைத் தேடி, புள்ளியியலாளரின் பெயர் முதலிலோ கடைசியிலோ வரும் கட்டுரை ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே ஆறாவது பெயர்தான்.

உயிரியலைப் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம். இரிசாரியின் வகுப்புகளும் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன ஐரோப்பியர்–ஆசியர் தரவையே அவர் பாடமாக வைத்திருக்கிறார். ஐரோப்பியரை மட்டும் எடுத்து, ஒரு வருடத்து சிப்களை அடுத்த வருடத்து சிப்களோடு ஒப்பிட்டால், ஒரே கூட்டத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் வேறுபடுவதாகக் கணக்கு சொல்லும். ஓர் இரவு உட்கார்ந்து அதைத் தன் கையால் போட்டுப் பார்க்கட்டும். விடிந்ததும் அலுப்பு தட்டியிருந்தால் டேட்டா சயின்ஸ் இன்டர்வியூவுக்குத் தாராளமாகப் போகலாம். அடுத்து எந்தத் தரவின் தேதியைப் பார்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தால் நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்.

விவாதத்துக்குத் தீர்ப்பு: ஆர். பயோகண்டக்டர் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பைத்தானும் தேவைப்படும், ஒற்றைச் செல் ஆய்வில் இறங்கினால் நிச்சயம் தேவைப்படும். அதை அப்போது கற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்