பவர் ஸ்டீயரிங் பம்ப் மாற்றியும் உறுமல் நிற்கவில்லையா?

கேள்வி: என்னுடையது 2006 மாடல் ஹோண்டா அக்கார்டு 2.4. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உறுமல் வந்ததால் பவர் ஸ்டீயரிங் பம்பை மாற்றினோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே சத்தம். பார்க்கிங்கில் திருப்பினால் கனக்கிறது, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் லேசாகிறது. ஆயில் எங்கும் ஒழுகவில்லை. ஸ்டீயரிங் ஆயில் டேங்க்கில் மட்டும் ரோஸ் நிறத்தில் நுரை. புதுப் பம்ப்பே கோளாறாக இருக்கும், இல்லையென்றால் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பாகம்) போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

பதில்: பம்ப், ரேக் இரண்டுக்கும் இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நுரை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆயிலோடு காற்றும் பம்புக்குள் போகிறது. ஆயிலை அமுக்கினால் அழுத்தம் ஏறும்; குமிழியை அமுக்கினால் குமிழிதான் சுருங்கும். கனமும் உறுமலும் அதனால் வருவதுதான்.

'காற்று போகிற இடத்தில் ஆயில் ஒழுகணுமே?' என்று மெக்கானிக் கேட்பார். அவசியமில்லை. பம்பிலிருந்து ரேக்குக்குப் போகிற பைப்பில் லீக் இருந்தால் ஆயில் பீய்ச்சும். டேங்க்கிலிருந்து பம்புக்கு வருவது உறிஞ்சுகிற பக்கம். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே ஒழுகுகிறதா என்ன? வாய்க்குக் காற்றுதான் வரும்.

இந்த மாடலில் நான் முதலில் கை வைப்பது பம்பின் இன்லெட் ஓ-ரிங்கில், அதாவது டேங்க்கிலிருந்து வருகிற பைப் பம்பில் சேரும் இடத்தை அடைக்கிற ரப்பர் வளையத்தில். எஞ்சின் சூட்டிலேயே வருஷக்கணக்கில் கிடந்து அது விறைத்துப்போய்விடும். பம்பை மாற்றுகிறவர்கள் பழைய இன்லெட் பைப்பைக் கழற்றி, அதே ரிங்கோடு புதுப் பம்பில் மாட்டிவிடுவது சகஜம். அப்போது பழைய சத்தமும் கூடவே வந்துவிடும். இரண்டு சின்ன போல்ட்டைக் கழற்றினால் ரிங் கைக்கு வந்துவிடும். நல்ல ரிங் உருண்டையாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் அமுங்கும். செத்துப்போனது பட்டையாகி, பள்ளத்தை விட்டு மேலே எழும்பாமல் உட்கார்ந்திருக்கும். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ரிங்கைத் திணிக்காமல் இந்தப் பம்புக்கு உரியதையே வாங்குங்கள். பம்ப் விலையோடு பார்த்தால் அது டீக்காசு. ஸ்டீயரிங் ஆயில் தடவி மாட்டச் சொல்லுங்கள். அப்படியே அந்த ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

அப்புறம், அந்த ரோஸ் நிறம். ஹோண்டாவின் பவர் ஸ்டீயரிங் ஆயில் சிவப்பாக இருக்காது. யாரோ ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற ஏ.டி.எஃப். ஊற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. தன்னுடைய பவர் ஸ்டீயரிங் ஆயிலான பி.எஸ்.எஃப். தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பது ஹோண்டாவின் கண்டிப்பு. எனவே முழுசாக மாற்றிவிடுவது நல்லது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டேங்க்குக்குத் திரும்பி வருகிற ஹோஸை உருவி ஒரு பாட்டிலில் விட்டு, டேங்க்கில் அந்த வாயை அடைத்துவிடுங்கள். எஞ்சினை ஆன் செய்யாமல் ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டேங்க் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் விழுவது சுத்தமாகும்வரை இதே வேலைதான். டேங்க்கின் அடியில் இருக்கும் சல்லடை அடைத்திருந்தாலும் பம்ப் ஆயிலுக்குத் தவிக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஹோஸைத் திரும்ப மாட்டியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். எஞ்சினை ஆன் செய்யாமலே இருபது தடவையாவது கோடிக்குக் கோடி திருப்புங்கள். குமிழி வருவது நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் திருப்பலாம். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடாகும். நுரை இன்னும் தெரிந்தால் ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் மறுபடி செய்யுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்சினை நிறுத்தியதும் டேங்க்கில் ஆயில் மட்டம் சட்டென்று ஏறினால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

திருப்பும்போது கீச்சென்று கத்தினால் அது வேறு, பெல்ட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் கனத்தால், அப்போது ரேக்கைப் பற்றிப் பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

கழற்றிய பழைய பம்ப் இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறதா? கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோளாறும் இல்லாமலே இருந்திருக்கலாம்.