சுவரில் மாட்டிய ஆட்டோகிராஃப் மங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. எந்த நகரத்துக்குப் போனாலும் அங்குள்ள ஸ்டேடியத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன். ஒரு வீரர் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜெர்சியும், முப்பது நாற்பது மேட்ச் டிக்கெட்டுகளும் அப்படிச் சேர்ந்தவை. கையெழுத்துள்ள ஒரு பந்து மட்டும் விலைக்கு வாங்கியது. ஜெர்சியை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டி நான்கு வருடம் ஆகிறது. கறுப்பாக இருந்த கையெழுத்து இப்போது பழுப்பாகத் தெரிகிறது. அதே மாதிரி மார்க்கரால் மேலே எழுதிவிடலாமா? டிக்கெட்டுகளை லேமினேட் செய்யலாமா? பந்து அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தயவுசெய்து மேலே எழுதாதீர்கள். நீங்கள் பேனாவை வைத்த நொடியிலிருந்து அது அந்த வீரரின் கையெழுத்து அல்ல, உங்களுடையது. மங்கியிருந்தாலும் அவர் கை ஓடிய கோடு இன்னும் அங்கே இருக்கிறது. அது விலைமதிக்க முடியாதது.

முதல் வேலையாக ஜெர்சியைச் சுவரிலிருந்து இறக்குங்கள். மார்க்கர் மையில் பெரும்பாலும் சாயம்தான் இருக்கும். வெளிச்சம் பட்டால் சாயத்தின் மூலக்கூறுகள் உடையும், போன நிறம் திரும்பி வராது. இந்தச் சேதம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. துணி, காகிதம் போன்ற மென்மையான பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. ஜன்னலோரப் பகல் வெளிச்சமோ 1,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது மங்கலான அறையில் இருபது நாளில் ஆகும் சேதம் அங்கே ஒரே நாளில் ஆகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் கொஞ்சம் உதவும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை மங்கச் செய்யும் என்பதால் அதை மட்டும் நம்பி வெயில் படும் சுவரில் மாட்ட முடியாது.

ஹாலில் இருந்தே ஆக வேண்டும் என்றால் நல்ல படம் எடுத்து, அசல் அளவில் அச்சிட்டு அதை மாட்டுங்கள். அசலை அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் சுற்றி இருட்டான பெட்டியில் வைத்துவிடலாம். மடிப்பு விழும் இடங்களில் அதே காகிதத்தைச் சுருட்டி உள்ளே கொடுங்கள், இல்லையென்றால் அச்சிட்ட எண்கள் வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும், 50 பக்கம் இருந்தால் நல்லது. ஆட்டத்தில் அணிந்த ஜெர்சி என்றால் துவைக்கவே துவைக்காதீர்கள். மண் கறையும் புல் கறையும் அது களத்தில் இருந்ததற்கான சாட்சிகள்.

சரி, டிக்கெட்டுகள். சமீப வருடங்களின் டிக்கெட்டுகள் பல தெர்மல் காகிதத்தில் அச்சானவை. அதில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகிறது. லேமினேட் இயந்திரத்துக்குள் விட்டால் முழு டிக்கெட்டும் கறுத்துவிடும். என்னிடமிருந்த ஒரு இறுதியாட்ட டிக்கெட் அப்படித்தான் போனது, இன்றும் மனசு ஆறவில்லை. சாதாரணக் காகிதம் என்றாலும் லேமினேட்டின் பசையை அப்புறம் பிரிக்க வழியில்லை. புது மழைக்கோட்டு மாதிரி வாடை வரும் பிவிசி பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் வேதிப்பொருள் எழுத்தைத் தின்றுவிடும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைதான் சரி. அதில் போடும் முன்பே, இன்றைக்கே, ஒவ்வொரு டிக்கெட்டையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். தெர்மல் எழுத்து எப்படியும் ஒரு நாள் போய்விடும்.

படம் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. 1986 கால்பந்து உலகக் கோப்பைக் கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த ஜெர்சியை, ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாற்றி வாங்கிக்கொண்டார். 2022ல் அது சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது, இது முதல் பாதியில் அணிந்தது, கோல்கள் விழுந்த இரண்டாம் பாதியின் ஜெர்சி இல்லை என்று மரடோனாவின் குடும்பம் சொன்னது. அந்த வாதத்துக்குப் பதிலாக ஏல நிறுவனம் முன்வைத்தது புகைப்பட ஒப்பீட்டை. சின்னம், கோடுகள், எண்கள் ஆகியவற்றில் இருந்த நுணுக்கங்களை ஆட்டத்தின் படங்களோடு பொருத்திப் பார்த்து, இரண்டாம் பாதியில் அணிந்தது இதுதான் என்று உறுதி செய்தார்கள்.

உங்கள் ஜெர்சிக்கும் இதைச் செய்து வையுங்கள். கேமராவைப் பொருளுக்கு நேர் இணையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் மென்மையான விளக்கு, பக்கத்தில் ஒரு அளவுகோல். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பு கையெழுத்தை மறைக்கும். அப்புறம் ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம். பேனா அழுந்திய தடமும் துணியின் நெசவும் எழும்பித் தெரியும். எண்ணின் விளிம்பு எந்தக் கோட்டில் முட்டுகிறது, தையல் எங்கே வளைகிறது, உள்பக்க லேபிள் எப்படி இருக்கிறது என்று நெருக்கமாகவும் எடுங்கள். கையெழுத்து வாங்கிய அன்று ஸ்டேடியத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து இவற்றோடு சேருங்கள். அசல் கோப்புகளையே வையுங்கள், செய்தி செயலி வழியாகப் போய்வந்த நகலில் எடுத்த தேதி போன்ற விவரங்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

பந்து விஷயத்தில் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்க முடியும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன. பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. அதே வீரரின் வேறு கையெழுத்தோடு மயிரிழை மாறாமல் பொருந்தினாலும் சந்தேகப்படுங்கள், எந்த மனிதரும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. கோடு நடுங்கியும் நின்று நின்றும் ஓடினால், யாரோ பார்த்து வரைந்திருக்க வாய்ப்புண்டு. அசல் என்று தெரிந்த பிறகும் மேலே வார்னிஷ் பூசாதீர்கள், மஞ்சளாகிவிடும்.

எங்கே, எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தன்று, யார் கையிலிருந்து வாங்கினீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே தனித்தாளில் பென்சிலால் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் போட்டு வையுங்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதவே வேண்டாம்.