ஒற்றைப்படை நீளத்தில் மட்டும் செக்சம் உதைக்கிறதா?

பாம்பனில் கடல்மட்டம் அளக்கும் உங்கள் பழைய மிப்ஸ் (ஒரு வகைச் செயலி) ரவுட்டர் அனுப்பும் பாக்கெட்டுகளில் சிலவற்றை மட்டும் லேப்டாப்பில் நீங்கள் எழுதிய கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையநிரலோடு சேரும் துணை நிரல்) செக்சம், அதாவது தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை, தப்பு என்று தள்ளிவிடுகிறது என்கிறீர்கள். உப்புக்காற்றில் கனெக்டர் அரித்திருக்கும் என்ற சந்தேகத்தை விடுங்கள். நீங்கள் போட்ட லாகில் அடிபட்டவை எல்லாம் ஒற்றைப்படை நீளம். உப்புக்கு ஒற்றை, இரட்டை பார்க்கத் தெரியாது.

கோளாறு கடைசி பைட்டில். செக்சம் பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூட்டும்; நீளம் ஒற்றைப்படை என்றால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ரவுட்டர் நிரலை அப்படியே லேப்டாப்புக்கு எடுத்து வந்திருக்கிறீர்கள். அது மிச்சமுள்ள பைட்டை 8 பிட் இடப்பக்கம் தள்ளிக் கூட்டுகிறது. பிக் எண்டியனான (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்) ரவுட்டரில் அது சரி. லிட்டில் எண்டியனான (சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்) லேப்டாப்பில் தள்ளாமல் கூட்ட வேண்டும். பதினாறடிமானத்தில் 12 34 41 என்று மூன்று பைட் எடுங்கள். ரவுட்டரில் 1234-உம் 4100-உம் சேர்ந்து 5334. லேப்டாப்பில் 3412-உம் 0041-உம் சேர்ந்து 3453; நினைவகத்தில் அதுவும் 53 34 என்றே விழும். உங்கள் நிரலோ 4100-ஐக் கூட்டி 7512 என்கிறது.

16 பிட்டுக்கு மேலே வழியும் கேரியை (மீதியை) சுற்றிக் கீழே கூட்டுவதால் பைட் வரிசை மாறினாலும் விடை கெடாது என்பதை 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1071 என்ற இணைய ஆவணம் விளக்குகிறது. ஆகவே விடைக்கு எச்டிஓஎன்எஸ் (htons, பைட் வரிசையை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் செயற்கூறு) போடாதீர்கள். யுடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு நெறிமுறை) செக்சம் கணக்கில் மட்டும் சேர்க்கும் போலித் தலைப்பின் நீளத்துக்கும் புரோட்டோகால் எண்ணுக்கும்தான் அது தேவை.

அப்புறம், இதைக் கையால் எழுதுவானேன்? கர்னலிலேயே செக்சம் கணக்கிடும் ஐபி_கம்ப்யூட்_சிசம் (ip_compute_csum) இருக்கிறது. ஒற்றைப்படை நினைவக முகவரியில் தொடங்கும் பஃபரையும் (தரவுத் தொகுப்பையும்) அது பார்த்துக்கொள்ளும். மாற்றியதும் ஸ்பார்ஸ் (கர்னல் நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள், எண்டியன் கலப்படம் மிச்சமிருந்தால் எச்சரிக்கும்.