ஸ்பிரிங் மட்டுமா, காயில்ஓவரா?

கேள்வி: மாருதி ஸ்விஃப்ட் காரின் உயரத்தை 30 மி.மீ. தாழ்த்த ஆசை. தினமும் அலுவலகம் போய்வரும் வண்டி. லோயரிங் ஸ்பிரிங் போதுமா, காயில்ஓவர் வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: ஸ்பிரிங் போதும். காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட். அதன் மரையைச் சுற்றி உயரத்தை ஏற்றி இறக்கலாம், அதற்குத்தான் அந்த விலை. ஒருமுறை வைத்துவிட்டு மறுபடி தொடாதவருக்கு அது எதற்கு? உங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவரென்றால் வேறு பதில் சொல்வேன். ஆனால் உங்கள் வண்டியின் தரை இடைவெளியே 163 மி.மீ. தான். 30 போனால் 133, நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் உயரம் 100 மி.மீ. நம் தெருக்களில் அதைத் தாண்டியவை ஏராளம். முதலில் உங்கள் தெருவை அளந்து பாருங்கள்.

கேள்வி: வண்டி 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம், ஷாக்கைத் தொட வேண்டாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நம்பி வாங்கினேன். ஏழாவது மாதம் பின் ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டிக் களிம்பாகக் கிடந்தது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி மூன்று முறை ஆடித்தான் நிற்கும்.

காரணம் எளிது. கம்பெனி ஷாக், கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்தது. லோயரிங் ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் அதிகம். வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக்கின் தண்டு பாதி உள்ளே போயிருக்கும், மிச்ச தூரம் முடிந்ததும் பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்புக் கட்டையில் போய் முட்டும். விறைத்த ஸ்பிரிங் திருப்பி உதைப்பதை அடக்கவும் பழைய ஷாக்கால் முடியாது. கடைக்காரர்கள் ஸ்பிரிங் விலையை மட்டும் காட்டி ஆளைப் பிடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாலு ஷாக், பம்ப் ஸ்டாப், கூலி, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகை காயில்ஓவர் செட்டை நெருங்கினால் அப்புறம் யோசிக்கலாம். ஆனால் மலிவு காயில்ஓவர் வேண்டாம். மழையிலும் சேற்றிலும் மரை துருப்பிடித்து இறுகிவிட்டால் உயரத்தை மாற்றவே முடியாது.

கேள்வி: பட்டறையில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டேன். செலவு மிச்சம்தானே?

பதில்: இல்லை. சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் பொருந்தியிருக்கும் இடத்தை விட்டு நழுவலாம். பின்னால் குழந்தைகளை உட்கார வைப்பீர்கள்தானே? இன்றே கழற்றுங்கள்.

கேள்வி: தாழ்த்தியபின் அலைன்மென்ட் கட்டாயமா?

பதில்: கட்டாயம். இல்லையென்றால் டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேயும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: சேமித்த பணத்தில் இணையத்தில் புது காயில்ஓவர் வாங்கினேன். வந்தது பழையது, ஒன்றில் எண்ணெய் ஒழுகுகிறது. பெட்டியைப் பிரித்ததால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எண்ணெய்க் கறையைத் துடைத்துவிடாதீர்கள். பெட்டியின் முகவரிச் சீட்டும் தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள்.