அந்த உருண்டைதான் காப்பாற்றுகிறதா?

கேள்வி: 2024 ஏப்ரலில் தைவானில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் 508 மீட்டர் உயர தைபே 101 அசராமல் நின்றதே, உள்ளே தொங்கும் இரும்பு உருண்டைதான் காரணமா? இவ்வளவு ஒல்லியான உயரக் கட்டடம் சின்னக் கட்டடத்தைவிட ஆபத்துதானே?
— வாசகி, கோவை

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நிறையப் பேர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். உயரத்தை மட்டும் வைத்து ஆபத்தைச் சொல்ல முடியாது. எந்தக் கட்டடமும் ஒருமுறை அங்கிட்டும் இங்கிட்டும் ஆடி முடிக்க ஒரு நேரம் எடுக்கும். பத்து மாடிக்குத் தோராயமாக ஒரு விநாடி, தைபே 101க்கு ஏறக்குறைய ஏழு. தரையும் அதே தாளத்தில் ஆடினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

1985ல் மெக்சிகோ சிட்டியில் நடந்தது இதுதான். நிலநடுக்க மையம் எங்கோ பசிபிக் கரையில், 350 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் பழைய ஏரிப் படுகையின் களிமண் இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்று ஆட, ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள்தான் அதிகம் அடிபட்டன, 44 மாடி டோரே லத்தினோஅமெரிக்கானா அதே ஊரில் நின்றுவிட்டது. நேர்மாறும் உண்டு: 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின்போது 700 கிலோமீட்டருக்கு அப்பால் ஒசாகாவில், 256 மீட்டர் உயர அரசு அலுவலகக் கட்டடம் சுமார் பத்து நிமிடம் ஆடியது, லிஃப்ட்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். மெதுவான அலைகள் அவ்வளவு தூரம் வந்தும் அடங்கவில்லை, கட்டடத்தின் தாளமும் அதுவாகவே இருந்தது.

சரி, உருண்டை. 41 எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த 660 டன், 92வது மாடியிலிருந்து வடங்களில் தொங்குகிறது. முக்கியமாக அது காற்றுக்கு. 2015 புயலில் ஒரு மீட்டர் வரை விலகி ஆடியது. 2002 மார்ச் நிலநடுக்கத்தின்போது கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது, உருண்டை வைக்கப்படவே இல்லை. மேலேயிருந்த கிரேன்கள் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள், கட்டடத்தின் எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தாங்குவது அந்த எலும்புக்கூடுதான்: 62வது மாடி வரை கான்கிரீட் நிரப்பிய எட்டு ராட்சதத் தூண்கள், அவற்றை நடுப்பகுதியோடு பிணைக்கும் சட்டங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது பீம்கள். தூணோடு சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பீமின் விளிம்பை வேண்டுமென்றே இருபக்கமும் வளைவாக வெட்டி ஒடுக்கியிருக்கிறார்கள். மோசமான ஆட்டம் வந்தால் எஃகு அந்த ஒடுங்கிய இடத்தில் வளைந்து கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளும், இணைப்பின் வெல்டிங் பிளக்காது, தூணும் தப்பிக்கும்.