சுமைக்குச் சொந்தக்காரர்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன், இறுதியாண்டு. கடைசிப் படைப்புக்கு விலங்குவதையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மணல் வண்டி இழுக்கும் மாடுகளைப் பற்றியது. மூன்றடிக்கு இரண்டடி லினோகட்டாக, அதாவது லினோலியம் தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சாக, செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஏ4 அளவில் ஒரு பயிற்சிப் படம் செதுக்கி அச்செடுத்தேன். பார்த்த நண்பர்கள் கண் கலங்கினார்கள். எனக்குத்தான் அதில் ஏதோ பொய்யாகத் தோன்றுகிறது. எது என்று சொல்லத் தெரியவில்லை. பயிற்சிப் படத்தை நானே மதிப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரிய தகட்டில் உளி வைக்க அனுமதிப்பார்கள். 'உணர்ச்சி நன்றாக வந்திருக்கிறது, கோடுகள் இன்னும் சீராக இருக்கலாம்' என்று எழுதிவிட்டு, மேலே எப்படி எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறேன். படத்தை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் படத்தை மேசைக்கு எதிரே நான்கு நாட்கள் ஒட்டிவைத்திருந்தேன். மற்ற வாசகர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மணல் குவிந்த டயர் வண்டி. ஒரு மாடு விழுந்திருக்கிறது, அதன் கண்ணில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண்ணீர்த்துளி. இன்னொரு மாடு நிற்கிறது. வண்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சாட்டையை ஓங்கியிருக்கிறார். சாட்டை நுனியிலும் மாட்டின் முதுகிலும் மட்டும் சிவப்பு மை.

முதலில் மாடு. அது பின்னங்கால்களை மடக்கி, முன்னங்கால்களை ஊன்றி, திண்ணையோரத்து நாயைப்போல் உட்கார்ந்திருக்கிறது. மாடு படுக்கும்போது முன்னங்கால்களைத்தான் முதலில் மடக்கும். எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். பாரத்தோடு தடுக்கினால் முன்முட்டி போட்டு விழும். சரி, இது உடற்கூறு, திருத்திக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய பிழை நுகத்தடியில் இருக்கிறது. ஒரு மாடு விழுந்தால் நுகத்தடி அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த வேகத்தில் பூட்டாங்கயிறு நிற்கிற மாட்டின் கழுத்தையும் இழுத்து முறுக்கும். ஏர்க்கால் தாழும், வண்டி முன்பாரமாகும், மணலின் எடை கழுத்துகளின்மேல் இறங்கும். உங்கள் படத்திலோ நுகத்தடி அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருக்கிறது. நிற்கிற மாடு, எதிரே போகிற பஸ்ஸை வேடிக்கை பார்க்கிற மாடு. உங்களுக்குப் பொய்யாகத் தோன்றியது இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எடை எங்கேயிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் துயரத்தை வரைந்துவிட்டீர்கள். அந்தக் கண்ணீர்த்துளியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். நான் மறைத்துப் பார்த்தேன், படத்தில் துயரமே மிச்சமில்லை. நுகத்தடியைச் சாய்த்துவிட்டால் கண்ணீருக்கு வேலையிருக்காது. அந்த ஒரு சாய்கோட்டை நம்பி மூன்றடித் தகட்டையும் நிரப்பலாம்.

அடுத்தது வண்டிக்காரர். என் பெரியப்பா இருபது வருடம் வண்டி ஓட்டியவர். மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டி, மாடு தின்ற பிறகுதான் இலையில் உட்காருவார். அதே மாட்டின் வாலை, ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், பல்லால் கடிப்பார். அப்போது அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்கணக்குப் போடுகிறவரின் முகம்தான் இருக்கும். நீங்கள் வரைந்திருப்பது நாடக மேடைத் துரியோதனன். அந்தப் பற்களைப் பார்த்ததும் பார்வையாளருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, 'நான் இவன் இல்லை' என்று. உங்கள் நண்பர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களில் யாராவது புதுவீடு கட்டிக்கொண்டிருந்தால், அந்த மணல் எந்த வண்டியில் வந்தது என்று கேட்டிருப்பார்களா?

ஆங்கில ஓவியர் ஹோகார்த்தை உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1751-இல் லண்டனில் அவர் 'கொடுமையின் நான்கு நிலைகள்' என்று நான்கு படங்கள் வெளியிட்டார். ஏழைகளும் வாங்கவேண்டும் என்று முதலில் மரச்செதுக்கில் தொடங்கி, செலவு கட்டுப்படியாகாமல் இரண்டு கட்டைகளோடு நிறுத்திவிட்டுச் செப்புத்தகட்டுக்குப் போனார். படம் ஒரு ஷில்லிங். நுட்பத்தைப் பற்றியெல்லாம் அவர் அங்கே கவலைப்படவில்லை. கடைசிப் படத்தில் கொலைகாரனாகிவிட்ட நாயகனின் பிணத்தை அறுக்கிறார்கள், கீழே கிடக்கும் இதயத்தில் ஒரு நாய் வாய்வைக்கிறது. ஆனால் இரண்டாவது படம் வேறு ரகம். விழுந்த குதிரையை வண்டிக்காரன் அடிக்கிறான், ஏறக்குறைய உங்கள் படமேதான். அந்த வண்டிக்குள்ளிருந்து நான்கு வழக்கறிஞர்கள் முண்டியடித்து வெளியே வருகிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வண்டியில் நெருக்கி ஏறியவர்கள். குதிரையின் கால் ஒடிந்ததில் அவர்கள் மிச்சம் பிடித்த காசுக்கும் பங்கு உண்டு. அடிக்கிறவனை ஹோகார்த் மன்னிக்கவில்லை, ஏறியவர்களையும் விடவில்லை. உங்கள் படத்தில் அந்த நான்கு பேர் இல்லை. மணல் இருக்கிறது, மணலுக்குச் சொந்தக்காரர் இல்லை.

அவரையும் வேட்டி சட்டையோடு ஓரத்தில் நிறுத்திவிடாதீர்கள். அது இன்னொரு துரியோதனன். பின்னணியில் பாதி எழும்பிய ஒரு சுவர், சாரம் கட்டிய மூங்கில், போதும்.

இனி வெயில். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்று அதில் எழுதினார்கள். பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் 1965-இல் வந்தன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மாட்டைப் பூட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சித்திரை மாதத்தில் நம் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் கதி தெரியும். கறுப்பு வெள்ளை லினோவில் வெயிலை எப்படிக் காட்டுவது? நிழலை வைத்துத்தான். உச்சிவேளையில் மாட்டின் நிழல் அதன் வயிற்றுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கும். நீங்கள் வண்டி நீளத்துக்கு நிழலை நீட்டியிருக்கிறீர்கள். அது காலை ஏழு மணி. நிழலைச் சுருக்கினால், ஒரு சொல்கூட எழுதாமல் அந்த விதி மீறப்படுவதைக் காட்டிவிடலாம்.

சிவப்பு மையை விட்டுவிடுங்கள். வண்டிமாட்டுக்கு ரத்தம் வராத காயங்கள்தான் அதிகம். நுகம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கழுத்துத் தோலைச் சிறிய உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பாருங்கள். லினோ அதற்கென்றே பிறந்த ஊடகம்.

இதையெல்லாம் மதிப்பீட்டுத் தாளில் எப்படி எழுதுவது என்றுதான் கேட்டீர்கள். நன்றாக வந்தது இது, சரியாக வராதது இது என்று இரண்டு பத்தி போடாதீர்கள். எதை எடுத்துவிடப்போகிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1907-இல் முடித்த 'உழுபவர்கள்' படத்தில், மாடுகளுக்குப் பதிலாக இரண்டு ஆண்கள் கலப்பை இழுக்கிறார்கள். உடல்கள் ஏறக்குறைய தரையோடு படிந்திருக்கும். பல வருடம் முன்பே அவர் செய்து கைவிட்ட முயற்சியில் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருந்தாள். இறுதிப் படத்தில் அவள் இல்லை. இப்போது நம் கண் வேறெங்கும் போக வழியில்லாமல் அந்த இரண்டு முதுகுகளின் சாய்விலேயே நிற்கிறது. பயிற்சிப் படத்தில் நீங்கள் சேர்த்ததெல்லாம் இப்படி எடுத்துப் பார்ப்பதற்காகத்தான். கண்ணீர், பற்கள், சிவப்பு மை மூன்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப ஒரு ஏ4 அச்சுப் போடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். அச்சில் இடவலம் மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? வண்டிக்காரர் இடது கையால் சாட்டை பிடித்திருக்கிறார்.

இரண்டாவது அச்சை என்னிடம் அனுப்ப வேண்டாம். மணல் வண்டிகள் நிற்கும் இடத்தில் எப்படியும் ஒரு டீக்கடை இருக்கும். அங்கே கொண்டுபோய் ஒரு வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, எதுவும் விளக்காமல் உட்காருங்கள். படத்தில் அவர் விரல் முதலில் எதைத் தொடுகிறது என்று மட்டும் பாருங்கள். பெரிய தகட்டை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.